பட்டறை வாசல் அவர்களுக்கும் திறக்க வேண்டும்: கொங்கு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களின் மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் தலைமையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மாவட்டத் திறன் குழு இயங்குகிறது. எந்தத் தொழிலுக்கு எத்தனை பேரைப் பயிற்றுவிப்பது, எந்த ஊரில் பயிற்சி நடத்துவது என்பன போன்ற கேள்விகள் அக்குழுவின் முன் வைக்கப்படுகின்றன. அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் (கடைசல் இயந்திரத் தொழில்) பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் குழுவின் கவனத்துக்கு ஒரு கோரிக்கையை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளை நடத்திச் சான்றிதழ் வழங்குவதில் இன்று செலவாகும் உழைப்பிலும் பணத்திலும் ஒரு பெரும் பங்கை, ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் உண்மையான பட்டறையில் ஓராண்டு காலம் கூலியோடு நின்று தொழிலை முழுமையாகக் கற்பதற்காகத் திருப்பிவிட வேண்டும் என்பதே அக்கோரிக்கை. மற்றவை எல்லாம் இதன் விளக்கம்தான்.

நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் பாவு பிணைத்துக்கொண்டிருக்கும் பையன்கள். தாளவாடி, பர்கூர் மலைகளிலிருந்து கரும்பு வெட்டுக்காகக் குடும்பத்தோடு இடம்பெயர்வதால் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட சோளகர், ஊராளிப் பிள்ளைகள். தாயும் தந்தையும் தூய்மைப் பணியில் இருப்பதால் தானும் அதற்கே வருவான் என்று ஊர் எதிர்பார்க்கும் அருந்ததியர் இளைஞன். நூற்பாலை விடுதியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுக் கையில் எந்தத் தொழிலும் இல்லாமல் வீடு திரும்பிய பெண். செங்கல் சூளைகளில் வளர்ந்தவர்கள். இவர்களோடு இன்னொரு கூட்டமும் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்கு வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள், வீட்டில் ஒரு மொழியும் தெருவில் தமிழுமாக இங்கேயே வளர்ந்து பதினெட்டு வயதை எட்டியிருக்கிறார்கள். சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் இங்கே இல்லாத காரணத்தால் அவர்கள் எந்தத் திட்டத்தின் பட்டியலிலும் வருவதில்லை. அவர்களும் கொங்கு நாட்டுப் பிள்ளைகள்தான் என்றே நான் கருதுகிறேன்.

கொங்கு நாட்டில் தொழில் எப்படிக் கற்றுக்கொள்ளப்பட்டது என்பதை நினைவுகூராமல் இந்தப் பிள்ளைகளின் நிலையைப் புரிந்துகொள்ள முடியாது. 1888-இல் கோவையில் ஸ்டேன்ஸ் நூற்பாலை தொடங்கியது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கவும் கிணற்றுப் பாசனத்துக்கு பம்பும் மோட்டாரும் செய்யவும் பட்டறைகள் முளைத்தன. அந்தப் பட்டறைகளில் நின்றவர்களில் மிகப் பலர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர்கள் இல்லை. காட்டு வேலையை, அதாவது விவசாய வேலையை, விட்டுவிட்டு வந்து, மாமன் பட்டறையிலோ பங்காளியின் வார்ப்பட ஆலையிலோ எடுபிடியாகச் சேர்ந்து, இரும்பைத் தொட்டுப் பழகி, சில ஆண்டுகளில் ஒரு பழைய லேத்தை (கடைசல் இயந்திரத்தை) வாங்கித் தனியாகப் பட்டறை போட்டவர்கள் அவர்கள். கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிப்படிப்பை நிறைவு செய்யாத ஜி.டி.நாயுடு, கோவையில் உணவு விடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் போட்டு இயந்திரம் கற்றார் என்பதை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. 1945-இல் தம் நன்கொடையால் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி உருவானபோது, நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்று அவர் வாதிட்டார். அது ஏற்கப்படாததால் கல்லூரி முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் கேட்டது இரண்டாண்டு. நாம் இன்று இரண்டு மாதத்துக்கு இறங்கி வந்திருக்கிறோம்.

ஆகவே இந்த மண்ணின் உண்மையான தொழிற்பள்ளி பட்டறைதான். ஆனால் அந்தப் பள்ளியில் சேர்க்கை உறவின் வழியாகவே நடந்தது, பெருமளவுக்கு இன்றும் அப்படித்தான் நடக்கிறது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் இயந்திரமும் வைத்திருக்கும் சிறு முதலாளி, தம் கருவிப்பெட்டியை நம்பித் திறந்துவிடுவது தெரிந்தவர் வீட்டுப் பையனுக்கே. அவர்மீது குற்றம் சுமத்துவது என் நோக்கமன்று. இலட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போட்ட இயந்திரத்தைத் தெரியாத ஒருவன் கையில் விட அவர் தயங்குவது இயல்பு. ஆயினும் விளைவு என்னவென்றால், மாமனுக்குப் பட்டறை இல்லாத பையன், எவ்வளவு கைத்திறன் உள்ளவனாக இருந்தாலும், அந்த வாசலுக்கு உள்ளே காலெடுத்து வைக்க வழியில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அருந்ததியருக்குக் கல்வியிலும் அரசு வேலைவாய்ப்பிலும் 3 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. அதனால் பல வீடுகளில் முதல் பட்டதாரிகள் உருவாகியிருக்கிறார்கள். ஆனால் கோவையின் சிறுதொழில் உலகத்தில் எந்த ஒதுக்கீடும் செல்லாது. அங்கே அறிமுகம்தான் செல்லுபடி. அந்த அறிமுகத்தை ஏற்படுத்தித் தரும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்பது என் துணிபு. திறன் பயிற்சி என்பதன் முதல் வேலையே அதுதான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சி கட்டணமின்றி நடக்கிறது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, பேருந்துச் சலுகை, சீருடை, காலணி எல்லாம் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கோ தொழிற்பயிற்சிக்கோ வரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய் மதிப்பில் தரம் உயர்த்தியதில், நாங்கள் பயிற்றுவித்த காலத்தில் கனவில்கூடக் காணாத இயந்திரங்கள் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த மாற்றத்தைக் கண்ணால் கண்டு மகிழ்ந்தவன் நான். ஆனைகட்டியில் பழங்குடியினருக்கென்றே ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது என்பதும் சிறிய செய்தி அன்று.

என் கவலை, இந்த நிலையங்களின் வாசல்வரை வராத பிள்ளைகளைப் பற்றியது. அவர்கள் ஏன் வருவதில்லை என்பதற்கு விழிப்புணர்வு இல்லை என்ற ஒரே காரணம் எல்லா அறிக்கைகளிலும் எழுதப்படுகிறது. அதை நான் நம்புவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். இரண்டு உதவித்தொகையும் சேர்ந்து கிடைத்தாலும் மாதத்துக்கு 1,750 ரூபாய். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, சேர்ந்த பையன் அந்தத் தொகையை நான்கைந்து நாளில் ஈட்டிவிடுகிறான். சனிக்கிழமை மாலை அது வீட்டுக்கு வந்துவிடுகிறது. வாடகை, மளிகைக் கடன், மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கான வாரத் தவணை என எல்லாம் அந்தச் சனிக்கிழமையை நம்பியே இருக்கும் வீட்டில், ஓராண்டு படித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பிள்ளை எப்படிச் சொல்வான்? அவனுக்கு விழிப்புணர்வு நிறையவே இருக்கிறது. படித்தால் நல்லது என்று அவனுக்கும் தெரியும், அவன் தாய்க்கும் தெரியும். அந்த ஓராண்டுக் கூலியை யார் தருவார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

குறுகிய காலப் பயிற்சிகள் இந்தச் சிக்கலுக்கு விடையாகக் கொண்டுவரப்பட்டவை. கூலியை அதிக நாள் இழக்காமல் விரைவில் கற்று விரைவில் வேலைக்குப் போகலாம் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த வகுப்புகளில் கற்பிக்கப்படுவது என்ன என்று பார்க்க வேண்டும். தையல் பயிற்சி என்ற பெயரில் துணி ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தில் ஒரே ஒரு பாகத்தை ஓட்டுவது கற்பிக்கப்படுகிறது. பேட்லாக், சிங்கர் போன்ற மற்றத் தையல் இயந்திரங்கள் தெரியாது, துணியை வெட்டத் தெரியாது, ஊசி முறிந்தால் மாற்றுவதற்கு மேல் இயந்திரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. சிஎன்சி (கணினி வழி இயங்கும் இயந்திரம்) பயிற்சி என்ற பெயரில் வேலைப் பொருளை மாட்டி, பொத்தானை அழுத்தி, முடிந்ததும் கழற்றி எடுப்பது கற்பிக்கப்படுகிறது. பட்டறை வழக்கில் ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர் என்று மூன்று படிகள் உண்டு. வரைபடத்தைப் படிக்கவும், மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கவும், டூல் (வெட்டுக்கருவி) தேய்ந்ததை ஓசையிலேயே கண்டுபிடித்து ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) மாற்றவும் தெரிந்தவன் செட்டர் ஆகிறான். பொத்தானை மட்டும் அழுத்தத் தெரிந்தவன் எத்தனை ஆண்டு நின்றாலும் அதே படியில் நிற்கிறான். இரண்டு மாத வகுப்பு முதல் படிக்கு மட்டுமே ஆள் தயாரிக்கிறது. அந்த வேலையை ஒரு வாரத்தில் கம்பெனியே கற்றுக் கொடுத்துவிடும். அதற்கு அரசுப் பணம் எதற்கு?

இந்த வேறுபாடு நல்ல காலத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆர்டர் நிறைய இருக்கும்போது எல்லோருக்கும் ஒன்றரை ஷிப்டு வேலை இருக்கும். கெட்ட காலம் வரும்போதுதான் யார் நிற்கிறார், யார் விழுகிறார் என்பது தெரியவரும். நம் பகுதிக்குக் கெட்ட காலம் அடிக்கடி வருகிறது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றுக்கு அது தேவையான உத்தரவு. ஒரத்துப்பாளையம் அணையின் கீழே நிலம் பாழாகிப் போன விவசாயிகளைக் கேட்டால் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் சாயப்பட்டறையில் துணி சுமந்துகொண்டிருந்த இளைஞனுக்கு மறுநாள் எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. பிறகு 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. ரொக்கத்தில் சம்பளம் கொடுத்துவந்த ஜாப் ஒர்க் கூடங்கள் (பிற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்பவை) தடுமாறின. அடுத்த ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரி, 2020-இல் பொது முடக்கம், 2022-இல் நூல் விலை ஏற்றம் என வரிசையாக வந்தன. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, எங்கோ ஒரு நாட்டின் தலைநகரில் எடுக்கப்பட்ட முடிவால் அனுப்பர்பாளையத்திலும் பெருமாநல்லூரிலும் ஷிப்டு குறைந்தது.

இப்படிப்பட்ட ஒவ்வொரு நேரத்திலும் முதலில் நிறுத்தப்படுவது கைமடியும் ஹெல்பரும்தான். அடுத்து, ஒரே இயந்திரத்தில் ஒரே பாகத்தை ஓட்டத் தெரிந்த டெய்லர். கடைசிவரை நிறுத்தப்படாமல் இருப்பவர் கட்டிங் மாஸ்டரும், தையல் இயந்திர மெக்கானிக்கும், முழு ஆடையையும் தனியாகத் தைக்கத் தெரிந்தவரும். நிறுத்தப்பட்டாலும் அவர்களுக்கு மாற்று வழி உண்டு: மெக்கானிக் பத்துக் கம்பெனிகளுக்குத் தனியாகப் போய்ப் பழுது பார்ப்பார், முழு ஆடை தைப்பவர் வீட்டு முன்னறையில் ஒரு இயந்திரத்தைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஏழை இளைஞரிடம் சேமிப்பு இல்லை, விற்க நிலம் இல்லை, கைமாற்றுத் தர வசதியுள்ள சொந்தம் இல்லை. ஆகவே அவருக்குத் தாக்குப்பிடிக்கும் வலுவைத் தரக்கூடிய ஒரே சொத்து, ஒரு முதலாளி போனால் இன்னொருவரிடமோ தன் சொந்தக் காலிலோ நிற்க உதவும் முழுமையான தொழில். பாதித் தொழில் கற்றுக் கொடுத்தால் அவர் அந்தக் கம்பெனியோடு கட்டுண்டு கிடப்பார்.

எவ்வளவு ஆர்டர் குறைந்தாலும் வேலை அற்றுப்போகாத தொழில்கள் இந்த மாவட்டங்களில் உண்டு என்பதையும் தங்கள் குழு கவனத்தில் கொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணறுகள் நிறைந்த பூமி இது. நீர்மூழ்கி மோட்டார் எரிந்துபோனால் விவசாயி மறுநாளே வைண்டிங் செய்து (கம்பிச் சுருளை மாற்றிச் சுற்றி) வாங்கியாக வேண்டும், அமெரிக்க வரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. திருச்செங்கோட்டின் ரிக் (ஆழ்துளைக் கிணறு தோண்டும்) வண்டிகளுக்கும், நாமக்கல் லாரிகளுக்கும், கரூரின் பேருந்துக் கூண்டு கட்டும் கூடங்களுக்கும் வெல்டரும் எலக்ட்ரீசியனும் ஹைட்ராலிக் பழுது பார்ப்பவரும் எப்போதும் தேவை. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளும், தோட்டங்களுக்கு வந்துகொண்டிருக்கும் சூரிய ஒளி பம்புகளும், பொள்ளாச்சியின் தென்னை நார் ஆலைகளும் பராமரிப்புக்கு ஆள் தேடுகின்றன. பயிற்சிப் பட்டியலில் தையலும் கணினியும் அழகுக்கலையுமே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், அவற்றை ஒரு வாடகை அறையில் குறைந்த செலவில் நடத்திவிட முடியும் என்பதாகத்தான் இருக்க வேண்டும். வார்ப்பட உலையையோ ரிக் வண்டியையோ வாடகை அறைக்குள் கொண்டுவர முடியாது. பிள்ளையைத்தான் அங்கே கொண்டுபோக வேண்டும்.

அதற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டமும், 2019-இல் திருத்தப்பட்ட விதிகளும், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும் என்கின்றன. அந்தத் திருத்தத்தின்படி கல்வித் தகுதிக்கேற்பக் குறைந்தபட்சம் மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை உதவித்தொகை தரப்பட வேண்டும். அதில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரம்புக்குள், ஒன்றிய அரசு ஏற்கிறது. கைமடிக் கூலியோடு போட்டி போட இதுவும் போதாது என்றாலும், 1,750 ரூபாயோடு ஒப்பிட்டால் இது வேறு கணக்கு. மீதியை மாநிலத் திட்டத்திலிருந்தோ மாவட்டக் கனிம நிதியிலிருந்தோ நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தோ ஈடு செய்ய முடியுமா என்று தங்கள் குழு ஆராய வேண்டும்.

ஆனால் இந்தச் சட்டம் கொங்கு நாட்டின் பட்டறை அமைப்போடு பொருந்தவில்லை. 4 முதல் 29 பேர்வரை உள்ள நிறுவனங்கள் விரும்பினால் மட்டுமே பழகுநரைச் சேர்க்கலாம். நான்கு பேருக்கும் குறைவாக உள்ள பட்டறைகள் விரும்பினாலும் சேர்க்க இடமில்லை. தொழிலை முழுமையாகக் கற்றுத் தரக்கூடிய பட்டறைகள் பெரும்பாலும் இந்தச் சிறு பட்டறைகளே. பெரிய ஆலையில் பழகுநர் ஒரே வரிசையில் நிறுத்தப்படுவான். சிறு பட்டறையில் காலையில் டர்னிங், மதியம் டிரில்லிங், மாலையில் முதலாளியோடு போய் வாடிக்கையாளரிடம் வேலையை ஒப்படைத்து விலை பேசுவது என எல்லாவற்றையும் பார்ப்பான். இதற்கு ஒரு வழி உண்டு. 1969 முதல் இயங்கிவரும் கொடிசியா போன்ற சிறுதொழில் அமைப்புகளோ, தொழிற்பேட்டைகளின் சங்கங்களோ பழகுநர்களுக்குப் பொறுப்பேற்று, சட்டத்துக்கு உட்பட்ட உறுப்பினர்களின் பெயரில் ஒப்பந்தம் செய்துகொண்டு, நான்கு மாதத்துக்கு ஒரு பட்டறை என்று அவர்களைச் சுழற்சியில் அனுப்பிக் கற்பிக்கும் ஏற்பாட்டை அரசின் ஒப்புதலோடு ஒரு முன்னோட்டமாகச் செய்து பார்க்கலாம். தெரியாத பையனை நம்பிச் சேர்க்கத் தயங்கும் சிறு முதலாளிக்கும் சங்கம் இடையில் நிற்பது தைரியம் தரும். இதற்கு விதியில் மாற்றம் தேவை என்றால், அதை மேலிடத்துக்குப் பரிந்துரைக்க ஆட்சியரைவிடத் தகுந்தவர் யார்?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்தாக வேண்டும். பயிற்சி என்ற பெயர் இந்த மண்ணில் ஒருமுறை கறைபட்டிருக்கிறது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், தென்மாவட்டங்களிலிருந்தும் வறண்ட பகுதிகளிலிருந்தும் வளரிளம் பெண்களை நூற்பாலைகளுக்கு அழைத்துவந்து, மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு உதவும்படி மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, அதுவரை பயிற்சியாளர் என்று பெயரிட்டுக் குறைந்த கூலியில், விடுதியை விட்டு வெளியே போக விடாமல் வேலை வாங்கியதை நாடறியும். இடையில் உடல்நலம் கெட்டுப் போனவர்கள் அந்தத் தொகையை இழந்து வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். சட்டத்தின் பார்வையில் பழகுநர் தொழிலாளர் அல்லர், பயிற்சி பெறுபவர். பல தொழிலாளர் நலச் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. இந்த இடைவெளிதான் அன்று பயன்படுத்தப்பட்டது. ஆகவே நான் கேட்கும் பழகுநர் முறையில் சில காவல்கள் இருந்தாக வேண்டும்: உதவித்தொகை மாதந்தோறும் அவரவர் வங்கிக் கணக்கிலேயே வர வேண்டும், முடிவில் மொத்தமாகத் தருவது என்ற பேச்சுக்கே இடமிருக்கக் கூடாது, எந்த நாளில் வேண்டுமானாலும் விலகும் உரிமை வேண்டும், பவர் பிரஸ், வார்ப்படம் போன்ற ஆபத்தான வேலைகளில் 18 வயது நிறையாத எவரும் நிற்கக் கூடாது என்ற விதி ஏட்டோடு நின்றுவிடக் கூடாது, விபத்து நேர்ந்தால் இழப்பீடு தர நிறுவனம் கடமைப்பட்டது என்பதைச் சேரும் நாளிலேயே பெற்றோரிடம் எழுத்தில் தர வேண்டும். பிரஸ் பட்டறைகளில் விரல் இழந்த கைகளைப் பார்த்தவர்கள் இதைக் கடைசி வரியில் எழுதமாட்டார்கள்.

அடுத்து, அளவுகோலைப் பற்றி. பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் தருவதற்கு இன்று பார்க்கப்படுபவை சேர்க்கை எண்ணிக்கை, தேர்ச்சி எண்ணிக்கை, வேலையில் அமர்த்தியதற்கான சான்று ஆகியவை. தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டத்தில் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கப்பட்டது. அதுவே கண்டிப்பான விதியாகக் கருதப்பட்டது. மூன்று மாதம் ஒரு பிள்ளையை ஒரு வேலையில் தக்கவைப்பது கடினமான காரியம் இல்லை. ஓராண்டு கழிந்து அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அதே தொழிலில் இருக்கிறானா, கூலி உயர்ந்திருக்கிறதா, ஈ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறதா, இடையில் வேலை போனபோது எத்தனை நாளில் அடுத்த வேலை கிடைத்தது என்ற நான்கு கேள்விகள் போதும். பயிற்சி நிறுவனத்துக்குத் தரும் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, இந்தப் பதில்கள் வந்தபின் தருவதென்று முடிவு செய்தால், பொத்தான் அழுத்தும் வகுப்புகள் தாமாகவே குறைந்துவிடும். தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் வேலையை மாவட்டத்திலுள்ள சமூகப்பணித் துறை மாணவர்களைக் கொண்டே செய்ய முடியும்.

பெண்களைப் பொறுத்தவரை தடைகள் கொஞ்சம் வேறு. 2021 முதல் நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் பேருந்துச் செலவு பலருக்குத் தடையாக இல்லாமல் போனது. அதனால் பக்கத்து ஊர்ப் பெண் நகரம் வரை வந்து படிப்பது கூடுகிறது. ஆனால் டர்னர், ஃபிட்டர், வெல்டர் பிரிவுகளில் பெண்கள் மிகக் குறைவு. சேர்ந்தவர்களையும் பட்டறைகள் எடுத்துக்கொள்வதில்லை. கேட்டால் கழிப்பறை இல்லை என்கிறார்கள். உண்மைதான், ஆண்களுக்கே ஒழுங்கான கழிப்பறை இல்லாத பட்டறைகள் ஏராளம். தொழிற்பேட்டைக்கு ஒரு பொதுக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் கட்டுவது ஒரு பெரிய திட்டம் அன்று. மலைக்கிராமப் பிள்ளைகளுக்கோ முதல் தேவை தங்குமிடம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து தாளவாடியிலிருந்து தினமும் சத்தியமங்கலம் வந்து போய் யாரும் தொழில் கற்க முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளில் பழகுநர்களுக்கும் இடம் தர வேண்டும். இன்று அவை பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்தே நடத்தப்படுகின்றன.

தொழில் கற்றபின் சொந்தமாகத் தொடங்க விரும்புவோரைப் பற்றியும் ஒரு சொல். பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. இது நல்ல திட்டம், ஆனால் வங்கிக் கிளையில் விண்ணப்பம் எத்தனை மாதம் கிடக்கிறது என்பதை ஆட்சியர் அலுவலகம் கேட்டுப் பார்க்க வேண்டும். கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயது 35. இளம்பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுக் குலத்தொழிலுக்குத் தள்ளப்படக் கூடாது என்ற அதன் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் தையலையோ வெல்டிங்கையோ முறையாகக் கற்றுத் தேர்ந்த 24 வயதுப் பெண்ணுக்கு ஒரு இயந்திரம் வாங்கச் சிறுகடன் எளிதாகக் கிடைக்கும் வழி இதனால் அடைபடுகிறது. பெரிய திட்ட அறிக்கை எழுதாமல், பழகுநர் சான்றையே ஆதாரமாகக் கொண்டு இயந்திரக் கடன் தரும் ஓர் ஏற்பாட்டை மாவட்டத் தொழில் மையமும் முன்னோடி வங்கியும் சேர்ந்து அமைக்கலாம்.

தொழிலதிபர்களுக்கும் இம்மடலின் நகல் சென்று சேரும் என்பதால் அவர்களிடமும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு எல்லாச் சங்கக் கூட்டங்களிலும் ஒலிக்கிறது. வடமாநிலத் தொழிலாளர்கள் தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போய்விட்டால் உற்பத்தி நின்றுவிடுகிறது என்று கவலைப்படுகிறீர்கள். உங்கள் தொழிற்கூடத்திலிருந்து மிதிவண்டித் தொலைவில் இருக்கும் காலனிகளிலிருந்து எத்தனை பேரை இயந்திரத்தின் முன் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று உங்கள் சம்பளப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அங்கிருந்து வருபவர்கள் பெரும்பாலும் கூட்டுவதற்கும் சுமப்பதற்குமே வைக்கப்பட்டிருப்பார்கள். உங்கள் தந்தையர் கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு தொழில் கற்றபோது அவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. பட்டறைக்கு ஒருவர் என்ற அளவில் நீங்கள் முன்வந்தால்கூட இந்த ஐந்து மாவட்டங்களிலும் அது ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

ஆட்சியர் பெருமக்களே, அடுத்து நடக்கவிருக்கும் மாவட்டத் திறன் குழுக் கூட்டத்தில் மூன்று செய்திகளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடந்த ஆண்டு குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்களில் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கை எடுத்து ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் வெளியிடுவது முதலாவது. தொழிற்பேட்டைச் சங்கம் ஒன்றின் பொறுப்பில் சுழற்சிமுறைப் பழகுநர் பயிற்சியை ஒரு தொழிற்பேட்டையில் மட்டுமாவது, குறிச்சியோ பிறிதொன்றோ, வரும் கல்வியாண்டில் தொடங்கிப் பார்ப்பது இரண்டாவது. அதில் சேரும் பிள்ளைகளின் மாத வருமானம் கைமடிக் கூலிக்குக் குறையாதபடி நிதி ஒதுக்குவது மூன்றாவது. இந்த மூன்றும் இல்லாமல் நான்காவதாக ஒரு விழாவுக்கு நாள் குறிக்கப்பட்டால், அதற்கு நான் வருவதற்கில்லை. முதல் மூன்றுக்கும் கற்பிக்க ஆள் தேவை என்றால், என்னைப் போன்ற ஓய்வுபெற்ற பயிற்றுநர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். கண்ணாடி போட்டுக்கொண்டாவது மைக்ரோமீட்டர் பார்க்க எங்களால் இன்னும் முடியும். அழைத்தால் வருவோம், ஊதியம் கேட்க மாட்டோம், பேருந்துக் கட்டணம் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்.